மஞ்சட் கல்லும் சவரக்கத்தியும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாட் காலை, என் தந்தையார் தமது வலக்கையால் இடக்கன்னத்தைத் தடவியபடி, “என்ரை கத்தி எங்கை?” என்று கேட்டார். பாரிசவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்து அப்போது மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. நாளொன்றுக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் அவர் பேசுவதில்லை. அந்த நாலைந்தில் மூன்றை ஒரு கத்திக்காகச் செலவிட்டார் என்றால், அதை நாங்கள் அலட்சியம் செய்வது எப்படி?

அதுவரை அவருக்கு நாங்கள் முகச்சவரம் செய்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கருவியையும் பயன்படுத்திப் பார்த்தோம். பேரன் வாங்கித் தந்த மின்சார இயந்திரத்தையும் பயன்படுத்திப் பார்த்தோம். தொண்ணூறு வயதைக் கடந்தவரின் தோல் வாழைச்சருகு போன்றது. தசை தளர்ந்த கன்னத்தில் கருவியை வைத்தால், மயிருக்கு முன்னே தோல் இழுபடும். அவர் கண்களை மூடிக்கொண்டு பொறுத்திருப்பார். சொல்லத் திராணியற்றவரின் பொறுமை, பார்ப்பவனை இருமடங்கு வருத்தும்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. அலுமாரியின் மேற்றட்டில் ஒரு பழைய தகரப்பெட்டி உண்டு. தந்தையார் 1954ஆம் ஆண்டு எழுதுவினைஞராகக் கொழும்புக்கு வந்தபோது, முதற் சம்பளத்தில் புறக்கோட்டையில் வாங்கிய மடக்குக் கத்தியும், அதனோடு கொடுத்த ஒரு கல்லும் அதனுள் இருந்தன. 1983 ஜூலையில் நாங்கள் வீட்டைவிட்டு ஓடியபோது அவர் கையில் இருந்த ஒரே பொருள் அந்தப் பெட்டிதான். எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் அம்மாவின் தாலிக்கொடியும் கத்தியும் கல்லும் அகதி முகாமில் ஒன்றாய்க் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போயின. பல ஆண்டுகளின் பின் மறுபடியும் கொழும்புக்கு வந்தன. ஆனால் அந்த ஜூலைக்குப் பிறகு அவர் அந்தக் கத்தியால் மழித்ததை நான் கண்டதில்லை.

பெட்டியைத் திறந்தேன். கத்தியின் உடலில் ஆங்காங்கே துருப்புள்ளிகள். வாயை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தபோது மெல்லிய வெள்ளிக் கோடொன்று தெரிந்தது. கூர்மையான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. மழுங்கிய வாய்தான் மின்னும். இதை அப்போது நான் அறியேன். மின்னுகிறதே, நல்ல கூர்தான் போலும் என்று மகிழ்ந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களுக்குத் தமிழ் போதித்தவனின் அறிவு அவ்வளவே!

வெள்ளவத்தையில் சலூன்களுக்குக் குறைவில்லை. நாலைந்து இடங்களில் விசாரித்தேன். எல்லோரும் பண்போடு கையை விரித்தார்கள். இன்று சலூன்களில் நாம் காண்பது, பாதியாக முறித்த பிளேட்டைச் செருகும் கத்தி. ஒருவருக்கு மழித்ததும் பிளேட்டை எறிந்துவிடுவார்கள். 1980களில் எயிட்ஸ் நோய் பற்றிய அச்சம் பரவியபின் உலகெங்கும் இம்முறை வலுப்பெற்றது; சுகாதாரத்தின் பொருட்டு அது நல்லதே. ஆனால் எறிகின்ற வாய்க்குக் கல் தேவையில்லை. கல் போனதும், கல்லை அறிந்த கையும் போயிற்று. கடைசியில் ஓர் இளைஞர், “கொட்டாஞ்சேனையிலை ஒரு வயசுபோன ஐயா இருக்கிறார். அவருக்குத்தான் உது தெரியும்” என்று வழி சொன்னார்.

இலக்கிய அன்பர்களுக்குக் கொட்டாஞ்சேனை என்றதும், அதன் அயலிலுள்ள ஸ்ரீ கதிரேசன் வீதி நினைவுக்கு வராமற் போகாது. யாழ்ப்பாணத்துச் சலூன் ஒன்றில் கத்தி பிடித்த கையாலேயே சிறுகதை எழுதி, ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, 1966 ஓகஸ்டில் ‘மல்லிகை’ என்ற மாத இதழைத் தொடங்கி, அதை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்திய டொமினிக் ஜீவா அவர்கள், யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபின் அந்த வீதியிலிருந்துதான் இதழை வெளியிட்டார். இதழ்ப் பிரதிகளைத் தாமே சுமந்து சென்று விற்றவர் அவர். தமது தொழிலை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. 1927இல் பிறந்து 2021 ஜனவரியில் மறைந்த அப்பெரியவரை எண்ணியவாறே ஜம்பட்டா வீதியில் நடந்தேன். தகரப்பெட்டி கைப்பையில் இருந்தது.

ஒடுங்கிய சலூன். முன்னே இரு இளைஞர்கள் வேலையில் இருந்தார்கள். பின்புறத்தில், ஒரு வாங்கில், வடமராட்சியைச் சேர்ந்த அந்த முதியவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். விடயத்தைக் கேட்டதும் கத்தியை வாங்கி, வாயைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தார்.

“மாஸ்டர், இது செத்துப்போகேல்லை. நித்திரை கொள்ளுது” என்றார்.

பின்பு கல்லை எடுத்தார். அவர் முகம் மாறிற்று. மேலே வெளிர்மஞ்சள், கீழே நீலச்சாம்பல். இரண்டும் சேர்ந்த அந்தக் கல்லை உள்ளங்கையில் ஏந்தியபடி சிறிதுநேரம் பேசாதிருந்தார். “என்ரை ஐயாவிட்டையும் இப்பிடி ஒண்டு இருந்தது. உடையிற மட்டும் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது” என்றார்.

அந்த மஞ்சட் கல் பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் என்ற ஊரைச் சூழ்ந்த நிலத்தில் மட்டும் நன்றாய் விளைந்த ஒன்று என்பதைப் பின்னர் தேடிப் படித்தறிந்தேன். கொட்டிக்கூல் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு, மண்ணின் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகிக் கல்லாயிற்று. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத கார்னெட் மணிகள் செறிந்திருக்கின்றன. மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயான அம்மணிகள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு முகங்கள் கொண்டது. மழுங்கிய கோணங்களை உடையது. ஆதலால் அது உருக்கை ஆழமாகக் கீறாது. மெல்ல வருடித் தேய்க்கும். மஞ்சட் படை மிக மெல்லியதாகையால் அதைத் தாங்க நீலக்கல் அடியில் இருக்கும்.

இங்கே எனக்கொரு வியப்பு. நமது செட்டியார் தெருவில் மோதிரத்திற் பதிக்கும் கோமேதகமும் அதே கார்னெட் குலத்தைச் சேர்ந்ததுதான். மணிகளுக்குப் பெயர்போன இத்தீவில் சவரக்கத்திக்கு ஏற்ற கல் ஏன் இல்லை? இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு, மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பண்டைய பாறை. அவ்வாறு நன்றாய் வெந்த பாறையில் மணிகள் பெருத்து வளரும். இரத்தினபுரி வாழ்வது அதனாலேதான். சவரக்கத்திக்கோ குறைந்த சூட்டில் உருமாறிய, துகள் பெருக்காத பாறை வேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லுக்கு உருக்கைத் தேய்க்கும் வன்மை கிடையாது. சமனலவாவிப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பருவக்காற்றைக் கொண்டு உலை மூட்டி இரும்பு எடுத்தார்கள் என்பதை 1996இல் ஆய்வாளர் ஜில் ஜூலெஃப் உலகுக்கு அறிவித்தார். உருக்குக்குப் புகழ்பெற்ற நாட்டில் அதன் கடைசிக் கூருக்கு வேண்டிய கல் கடல் கடந்தல்லவா வரவேண்டியிருந்தது!

சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். முதியவர் பதறிப்போனார். நம் நாட்டுச் சாணைச் சக்கரம் குருந்தக்கல்லின் பொடியை அரக்கில் குழைத்துச் செய்வது. தமிழில் நாம் குருந்தம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் அக்கல்லுக்குப் பெயராயிற்று. அரிவாளுக்கும் கத்தரிக்கோலுக்கும் அது உகந்தது. ஆனால் காகிதம்போல் மெலிந்த சவரக்கத்தியின் வாய், சுழலும் சக்கரத்தின் சூட்டில் ஒரு நொடியில் பதம் இழந்துவிடும். பதம் இழந்த உருக்கு, எந்தக் கல்லில் தீட்டினாலும் கூரைத் தாங்காது.

பாடம் ஆரம்பமாயிற்று. முதலில், தட்டையான கருங்கல்லில் நனைந்த மணலிட்டு என் கல்லை அவர் தேய்த்தார். பல காலம் தீட்டிய கல் நடுவிற் குழிந்துவிடும். குழிந்த கல் கோணல் வாயையே தரும். பின்பு தம்மிடமிருந்த சொரசொரப்பான கல்லொன்றில் கத்தியை நீண்ட நேரம் இழுத்து, துருவையும் மழுங்கலையும் போக்கினார். அதன் பிறகே மஞ்சட் கல் வாங்கின் மேல் ஏறிற்று.

“எண்ணெய் விடாதேங்கோ. இதுக்குத் தண்ணி காணும்” என்றார்.

கல்லுக்குக் கல் விருப்பம் வேறு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரிப் பேரறிஞர் பிளினி, சில கற்கள் எண்ணெய் கேட்கும், சில நீர் கேட்கும் என்று எழுதியதோடு, நாவிதர் கடைகளில் உமிழ்நீர் இட்டுத் தீட்டும் கற்களும் உண்டென்று குறித்துவைத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாக இத்தொழிலின் பேச்சு பெரிதும் மாறவில்லை.

சிறு கல்லொன்றால் மேற்பரப்பைத் தேய்த்ததும் பால்போன்ற குழம்பு ஊறிற்று. கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லிற் படியும்படி வைத்தார். முதுகின் தடிப்பே கூரின் கோணத்தை நிர்ணயிக்கிறது. கத்தியை வார்த்தவன் அந்தக் கணக்கை அதன் உடலிலேயே வைத்துவிட்டான். தீட்டுகிறவன் முதுகைத் தூக்காதிருந்தாற் போதும். வாய் முன்னே செல்ல, அடியிலிருந்து நுனிவரை முழுவதும் கல்லைத் தொடும்படி சாய்வாக இழுக்க வேண்டும். எல்லையை அடைந்ததும் முதுகின்மேல் புரட்டித் திருப்ப வேண்டும். வாயின்மேல் புரட்டினால் அத்தனை உழைப்பும் வீண்.

நான் இழுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஏன் மாஸ்டர் அமத்திறியள்? கத்தி தன்ரை பாரத்திலை போகட்டும்.”

“எத்தனை தரம் இழுக்க வேணும், ஐயா?”

“எண்ணாதேங்கோ. கேளுங்கோ.”

கேட்கப் பழக எனக்கு மூன்று புதன்கிழமைகள் பிடித்தன. ஆரம்பத்தில் குழம்பினூடே கத்தி செல்லும்போது மணலில் நடப்பது போன்ற ஒலி எழும். ஒவ்வொரு சில இழுப்புக்கும் இரண்டு துளி நீர் விட்டுக் குழம்பை நீர்க்கச் செய்தால் ஒலி தணியும். கடைசியில் தெளிந்த நீர் மட்டுமே நிற்கும்போது ஒலி அடங்கி, கத்தி கல்லோடு ஒட்டிக்கொள்வதுபோற் கையில் தோன்றும். வாய் கல்லுக்கு நேராய்ப் பொருந்திவிட்டதென்று பொருள். வாய்க்கு முன்னே தள்ளுண்டு போன நீர், அப்போது வாயின்மேல் ஏறிவரும். செட்டியார் தெருப் பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னை இழைத்துக் கோட்டைப் பார்ப்பதுபோல, இவர் நீரின் போக்கைப் பார்த்தே கூரை அறிந்தார்.

இரண்டாம் வாரத்தில் நான் அவசரப்பட்டேன். வீட்டில் தனியே அமர்ந்து, கூர் மிகட்டும் என்று நூறு இழுப்புக்கு மேல் அழுத்தி இழுத்தேன். கையிலுள்ள மயிர் பட்டவுடன் உதிர்ந்தது. பெருமிதத்தோடு என் முகத்தில் வைத்தேன். முதல் இரண்டு இழுப்பும் வெண்ணெய்; மூன்றாவதில் தாடையில் இரத்தம். அடுத்த புதன்கிழமை முதியவர் தழும்பைப் பார்த்துச் சிரித்தார். அளவுக்கு மீறித் தீட்டினால், வாயின் விளிம்பிலே உருக்கு மெல்லிய பிசிராக நீளுமாம். அது கூர்போலத் தோன்றும். மயிர் தட்டியதும் முறிந்து, அரம்போன்ற பல்லை விட்டுச் செல்லும். “கூர் காணும் எண்ட இடத்திலை நிப்பாட்டத் தெரிய வேணும். அதுதான் தொழில்” என்றார்.

மயிரா உருக்கை முறிப்பது என்று ஐயுறும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. 2020 ஓகஸ்டில் ‘சயன்ஸ்’ இதழில், மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இதையே ஆராய்ந்து எழுதினார்கள். மனித மயிர் சவர உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆயினும் உருக்கின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், வளைந்த மயிர் ஒரு கோணத்தில் அழுத்தும்போது வாயின் விளிம்பு துகளாய்ப் பெயர்கிறது என்பதை நுண்காட்டியின் கீழ் படமெடுத்தே காட்டினார்கள். சவரத்துக்கு முன் மயிரை வெந்நீரில் ஊறவைப்பதும், சவரத்துக்குப் பின் வாயைத் தோல்வாரில் நீவுவதும் வெறும் வழக்கமல்ல என்பது இதனால் விளங்கும். தோல்வாரிலே முதுகு முன்னே செல்ல வேண்டும். கல்லில் செய்ததற்கு நேர்மாறு.

மூன்றாம் புதன்கிழமை, கல் காயும்வரை காத்திருந்த வேளையில், முதியவர் தமது தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் விடியுமுன் வீடுவீடாகச் செல்வாராம். கல்யாண வீடாயினும் செத்த வீடாயினும் அவரின்றி ஒரு கிரியையும் நடவாது. ஆனால் முற்றத்தைத் தாண்டி அவர் ஏறியதில்லை. தாகமென்றால் சிரட்டையில் தண்ணீர். “ஐயாவின்ரை கத்தி எல்லாற்றை கழுத்திலையும் போகும் மாஸ்டர். ஐயா மட்டும் திண்ணையிலை ஏறக்கூடாது” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கத்தியைத் துடைத்து மடக்கி என்னிடம் நீட்டினார்.

எனக்கு அந்தப் பஸ் பயணம் முழுவதும் என் பாட்டனாரின் வீட்டு முற்றம் நினைவில் நின்றது. அங்கும் அப்படி ஒருவர் வந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தாழ்வாரத்தின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டை மட்டும் தெரியும். 1957ஆம் ஆண்டு சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இந்நாட்டில் நிறைவேறியது. 1972இல் கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். நான் அந்நாவலை மாணவர்களுக்கு அறிமுகம் செய்து, மேடைகளிலும் பேசியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சிரட்டையைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் பேசியதில்லை.

அடுத்த ஞாயிறு காலை, தந்தையாரைச் சாய்வு நாற்காலியில் இருத்தி, வெந்நீரில் நனைத்த துவாயை முகத்தில் இட்டுச் சோப்பு நுரை பூசினேன். இடக்கையால் தளர்ந்த கன்னத்தை மேலே இழுத்துப் பிடித்து, கத்தியை அதன் பாரத்திலேயே விட்டேன். இழுபடவில்லை, நோகவில்லை. நுரையோடு வெண்மயிர் வழிந்து வந்தது. அவர் கண்களைத் திறந்தபடியே இருந்தார். மூன்று மாதங்களில் முதல்முறையாக! முடிந்ததும் வலக்கையால் இரு கன்னங்களையும் தடவினார்.

“ஆர் தீட்டினது?” என்றார்.

சொன்னேன். கொட்டாஞ்சேனை முதியவரையும், அவருடைய தகப்பனாரையும், திண்ணையையும் பற்றிச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உறங்கிவிட்டார் என்றெண்ணி எழுந்தபோது, “கூட்டிக்கொண்டு வா” என்ற குரல் கேட்டது. அன்று அவர் வேறொன்றும் பேசவில்லை.

புரட்டாதியில் ஒரு புதன்கிழமை முதியவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட்; கையில் அடைப்பம் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். தந்தையார் தமக்கு எதிரே கிடந்த கதிரையை வலக்கையால் சுட்டி, “இருங்கோ” என்றார். அவர் இருந்தார். அம்மா இருவருக்கும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதைப் பற்றி எவரும் எதுவும் பேசவில்லை.

தேநீர் குடித்து முடித்ததும் முதியவர் கத்தியைக் கேட்டு வாங்கி, நகத்தில் வைத்துப் பார்த்தார். “மாஸ்டர் பழகிற்றார், எண்டாலும் இன்னும் பத்து இழுப்புக் கிடக்கு” என்றார். மஞ்சட் கல்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, ஒரு கிண்ணத்தில் நீரும் வைத்தேன். அவர் குனிந்து இழுக்கத் தொடங்கினார். தந்தையார் தலையைச் சாய்த்து அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது சிறிது சிறிதாய் அடங்கி வந்தது.